பல் கிளினிக்கில் எதைப் பார்ப்பது: நாற்காலியையா, சலைன் பாட்டிலையா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் உண்டு. கீழ்க் கடைவாய்ப் பல் ஒன்று உடைந்து வேர் மட்டும் எலும்புக்குள் நிற்கிறது. ஈறைக் கீறி, எலும்பைக் கொஞ்சம் வெட்டி எடுக்க வேண்டும். பக்கத்துப் பல்லுக்கு ரூட் கெனால். ஊரில் இரண்டு கிளினிக்குகள். ஒன்றில் தொடுதிரை வைத்த புது நாற்காலி, சுவரில் டிவி, ஏசி. இன்னொன்று சின்ன இடம், நாற்காலியும் பழசு. வாணியம்பாடிச் செய்தியைப் படித்ததிலிருந்து பயமாக இருக்கிறது, எந்தக் கருவியைப் பார்த்து எந்த இடத்துக்குப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

பல் கிளினிக்குகளில் கிருமி நீக்கம் எப்படி நடக்கிறது என்று பார்த்து, அங்கே வேலை செய்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை. நாற்காலியின் விலைக்கும் உங்கள் அம்மாவின் பாதுகாப்புக்கும் அநேகமாகத் தொடர்பே கிடையாது. தொற்று வருவதும் வராததும் விலை குறைந்த, நம் கண்ணில் படாத சில பொருள்களில்தான் இருக்கிறது. வாயில் பீய்ச்சும் தண்ணீர், திறந்து வைத்த சலைன் பாட்டில், மரத்துப்போக ஊசி போடும் மருந்தின் குப்பி, பல்லைக் குடையும் ஹேண்ட்பீஸ் எத்தனை இருக்கிறது என்பது, அவற்றை வேகவைக்கும் ஆட்டோகிளேவ் எந்த வகை என்பது. இவற்றை எந்த அளவில், எத்தனை வாங்குவது என்று மருத்துவர் முடிவெடுக்கும் நாளிலேயே நோயாளியின் பாதுகாப்பில் பாதி தீர்மானமாகிவிடுகிறது.

வாணியம்பாடியில் நடந்ததை முழுதாகப் புரிந்துகொண்டால் மற்றவை எளிதாகப் புரியும். 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரை தமிழகத்தின் வட மாவட்டங்களில் 21 பேருக்கு மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் நோய் வந்தது. வேலூர் சிஎம்சி மருத்துவர்களும், சென்னையில் உள்ள தேசியத் தொற்றுநோயியல் நிறுவனமும், மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து ஆராய்ந்தபோது, அவர்களில் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் கிளினிக்குக்குப் போனவர்கள் என்று தெரிந்தது. அந்த 10 பேரில் 8 பேர் இறந்துபோனார்கள். மற்ற 11 பேரில் இறந்தவர் ஒருவர். ஆய்வு முடிவுகள் 2025-இல் லான்செட் என்ற மருத்துவ இதழ்க் குழுமத்தின் இதழ் ஒன்றில் வெளிவந்த பிறகுதான் செய்தி எல்லோருக்கும் எட்டியது.

நோயைப் பரப்பியது எது? அங்கே பயன்பாட்டில் இருந்த ஒரு சலைன் பாட்டிலில் அந்தக் கிருமியின் தடயம் கிடைத்தது. எலும்பிலிருந்து ஈறைப் பிரித்தெடுக்கப் பயன்படும் பெரியாஸ்டியல் எலிவேட்டர் என்ற கருவியால் பாட்டிலின் மூடியைக் குத்தித் திறந்திருக்கிறார்கள். பிறகு பஞ்சை வைத்து லேசாக அடைத்துவிட்டு, அதே பாட்டிலை அடுத்தடுத்த நோயாளிகளுக்கும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். சலைன் பாட்டில் அங்கே வந்ததே பாதுகாப்புக்காகத்தான். குழாய்த் தண்ணீரால் காயத்தைக் கழுவக் கூடாது, கிருமியில்லாத உப்புநீர்தான் வேண்டும் என்பதற்காக வாங்கிய பொருள் அது. தொழிற்சாலையிலிருந்து கிருமியில்லாமல்தான் வந்திருக்கும். ஆனால் அதில் கிருமியைத் தடுக்கும் பாதுகாப்பு மருந்து எதுவும் கலந்திருக்காது. திறந்த நிமிடத்திலிருந்து அது வெறும் உப்புநீர். மெலியாய்டோசிஸைத் தரும் பர்க்ஹோல்டீரியா சூடோமல்லை என்ற பாக்டீரியா நம் வயல் மண்ணிலும் தேங்கிய நீரிலும் இருப்பது. உணவே இல்லாமல் பிழைத்துக்கிடக்கும் வல்லமை அதற்கு அதிகம். தாய்லாந்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில், எந்தச் சத்தும் இல்லாத காய்ச்சி வடித்த நீரில் போட்டு வைத்த இந்தப் பாக்டீரியா 16 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தது. பஞ்சு அடைத்த ஒரு பாட்டில் அதற்குப் பெரிய தடையே இல்லை. ஈறைக் கீறிய காயத்துக்குள் நேரே போய்ச் சேர்ந்தால், முகத்து நரம்புகளைப் பிடித்துக்கொண்டு மூளைக்கு ஏறியிருக்கக் கூடும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். கிளினிக் வழியாக வந்தவர்களில் இத்தனை பேர் இறந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இங்கே பழியை ஒரு பணியாளரின் கவனக்குறைவில் போட்டுவிட்டு நகர்ந்துவிட முடியாது. 500 மில்லி பாட்டிலை வாங்கி வைத்தால், ஒரு நோயாளிக்குக் கால்வாசிகூடச் செலவாகாது. மிச்சத்தைக் கொட்ட யாருக்கும் மனம் வராது. பாட்டிலில் ஊசியைக் குத்தி அப்படியே விட்டுவிட்டு, வேண்டும்போதெல்லாம் அதன் வழியாக உறிஞ்சிக்கொள்ளும் பழக்கமும் இந்த மனசிலிருந்துதான் வருகிறது. 100 மில்லி பாட்டில்களை வாங்கினால் ஒரு நோயாளிக்கு ஒன்று என்று முடிந்துவிடும். யாரும் மனக்கட்டுப்பாட்டோடு இருக்க வேண்டிய அவசியமே இல்லை. மாலை ஏழு மணிக்கு, வெளியே பத்துப் பேர் காத்திருக்கும்போது, களைத்துப்போன உதவியாளரின் ஞாபகசக்தியை நம்பி இருக்கும் எந்தப் பாதுகாப்பும் பாதுகாப்பு இல்லை. தப்புச் செய்யவே வழி விடாத பொருளை வாங்கி வைப்பதுதான் பாதுகாப்பு. கிளினிக் நடத்துபவர்களிடம் நான் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்வதும் இதைத்தான்.

மரத்துப்போகப் போடும் ஊசியிலும் இதே கதைதான். நம் ஊர்க் கிளினிக்குகளில் பெரும்பாலும் 30 மில்லி லிக்னோகைன் குப்பிதான் இருக்கும். ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தி, சிரிஞ்சில் இரண்டு மில்லி எடுத்துப் போடுவார்கள். பல ஆளுக்கு ஒரு குப்பி. ஒவ்வொரு முறையும் புது சிரிஞ்ச், புது ஊசி என்றால் ஆபத்து மிகக் குறைவு. ஆனால் சிகிச்சையின் நடுவில் நோயாளி “இன்னும் வலிக்குது டாக்டர்” என்பார். கையில் இருக்கும் அதே சிரிஞ்சில், ஊசியை மட்டும் மாற்றியோ மாற்றாமலோ, மறுபடி குப்பியில் குத்தி எடுத்துவிட்டால், அந்த நோயாளியின் ரத்தம் குப்பிக்குள் போய்விடும். கண்ணுக்குத் தெரியாத அளவு போதும். ஊசியை மாற்றினாலும் சிரிஞ்சின் உள்ளே வந்துவிட்ட ரத்தம் மாறாது. ஹெபடைடிஸ் பி-யும் சி-யும் இப்படித்தான் ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குப் போகின்றன.

இதற்கு மாற்றாக இருப்பது 1.8 மில்லி கண்ணாடிக் கார்ட்ரிட்ஜ். ஓர் ஆளுக்கு ஒன்றோ இரண்டோ, மிச்சம் இருந்தால் குப்பை. கூடுதலாக மருந்து வேண்டுமென்றால் புதுக் கார்ட்ரிட்ஜ்தான் போட வேண்டும். வேறு வழி இல்லை, அதுதான் அதன் சிறப்பு. ஒரு தடவைக்கு ஆகும் செலவு குப்பியைவிடப் பல மடங்கு. அதனால்தான் பலர் வாங்குவதில்லை. மொத்தச் சிகிச்சைக் கட்டணத்தோடு வைத்துப் பார்த்தால் அது சிறிய தொகை. அதைக் கட்டணத்தில் சேர்த்து வாங்குவது நியாயம் என்றே நினைக்கிறேன், நோயாளியும் முகம் சுளிக்காமல் கொடுக்கலாம்.

அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் டல்சா நகரில் 2013-இல் ஒரு வாய் அறுவைச் சிகிச்சை நிபுணரின் கிளினிக்கைச் சோதித்தார்கள். துருப்பிடித்த கருவிகளும், மருந்துகளைக் கையாளுவதில் ஒழுங்கின்மையும் இருந்தன. சுமார் 7,000 நோயாளிகளுக்குக் கடிதம் எழுதி, ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்கள். ஒரு நோயாளியிடமிருந்து இன்னொரு நோயாளிக்கு ஹெபடைடிஸ் சி பரவியது மரபணு ஒப்பீட்டில் உறுதியானது. பல் சிகிச்சையில் நோயாளியிடமிருந்து நோயாளிக்கு அந்த நோய் பரவியது அந்த நாட்டில் முதன்முதலாகப் பதிவானது அப்போதுதான். வசதியில்லாத ஊரில்தான் இதெல்லாம் நடக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். பல்லைக் குடையும்போதும் கறை எடுக்கும்போதும் வாயில் பீய்ச்சும் தண்ணீர், நாற்காலிக்குள் ஓடும் மெல்லிய பிளாஸ்டிக் குழாய்கள் வழியாக வருகிறது. குழாயின் உள்விட்டம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர்தான். உள்ளே தண்ணீர் பெரும்பாலான நேரம் அசையாமல் நிற்கும். இரவு முழுவதும், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் நிற்கும். குழாயின் உட்சுவரில் பாக்டீரியாக்கள் வழவழப்பான படலமாகப் படிந்து வளர அருமையான இடம். பிரிட்டனில் 1963-ஆம் ஆண்டிலேயே இதைக் கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார்கள். கவனிக்காமல் விட்ட குழாய்களில் ஒரு மில்லி தண்ணீரில் கிருமி எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டுவதுண்டு. சாதாரணப் பல் சிகிச்சைக்கு அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் வைத்திருக்கும் வரம்பு மில்லிக்கு 500. அதாவது நல்ல குடிநீரின் தரம்.

ஆரோக்கியமானவர்களுக்கு இது பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் எல்லோரும் ஆரோக்கியமானவர்கள் இல்லையே. இத்தாலியில் 2011-இல் 82 வயது மூதாட்டி ஒருவர் தண்ணீரில் வளரும் லீஜியோனெல்லா என்ற பாக்டீரியா தந்த நிமோனியாவால் இறந்தார். நோய் தொற்றியிருக்கக்கூடிய காலத்தில் அவர் வீட்டை விட்டுப் போனது பல் மருத்துவரிடம் மட்டும்தான். நுரையீரலில் கிடைத்த கிருமியும் பல் நாற்காலித் தண்ணீரில் கிடைத்த கிருமியும் ஒன்றாகப் பொருந்தின. 2015-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு குழந்தைகள் பல் கிளினிக்கில் பால்பல்லுக்கு வேர்ச் சிகிச்சை செய்துகொண்ட பிள்ளைகளுக்குத் தாடை எலும்பில் மைகோபாக்டீரியம் அப்செசஸ் என்ற பாக்டீரியாவின் தொற்று வந்தது. அந்தக் கிளினிக் தண்ணீரில் கிருமி எண்ணிக்கை சராசரியாக மில்லிக்கு 91,000-க்கும் மேல் இருந்தது. அடுத்த ஆண்டே கலிஃபோர்னியாவின் அனஹைமில் இதே மாதிரி நடந்து, சுமார் 70 குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். பல பிள்ளைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்து, தாடை எலும்பின் பகுதியையும் நிரந்தரப் பற்களையும் எடுக்க வேண்டியதாயிற்று. திறந்த பல்லின் உள்ளே, ரத்த ஓட்டமுள்ள சதையின் மேல், அந்தத் தண்ணீர் நேராகப் பட்டதுதான் காரணம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது, ஏனென்றால் இதைத் தடுக்கத் தேவைப்படுவது குழாயில் போடும் மாத்திரைகளும், மாதம் ஒருமுறை தண்ணீரைச் சோதிக்கும் ஒழுங்கும் மட்டுமே.

நாற்காலி வாங்கும்போது மருத்துவர் கவனிக்க வேண்டியவை இங்கேதான் இருக்கின்றன. மொட்டைமாடித் தொட்டியிலிருந்து நேராகத் தண்ணீர் இழுக்கும் நாற்காலியைவிட, கழற்றிக் கழுவக்கூடிய தனிப் பாட்டில் வைத்தது நல்லது. அதில் காய்ச்சி வடித்த நீரையும் கிருமிநாசினியையும் போட முடியும். ஆனால் பாட்டில் இருப்பதாலேயே தண்ணீர் சுத்தம் என்று நினைத்துவிடக் கூடாது. குழாயில் படலம் படிந்திருந்தால், எவ்வளவு சுத்தமான நீரை ஊற்றினாலும் மறுமுனையில் அழுக்காகத்தான் வரும். “நாங்க ஆர்ஓ தண்ணிதான் போடறோம்” என்று பெருமையாகச் சொல்லும் இடங்கள் நிறைய. குழாயை எப்படிச் சுத்தம் செய்கிறீர்கள் என்று கேட்டால் பதில் வராது. இன்னொன்று, தண்ணீரைப் பின்னோக்கி இழுக்காமல் தடுக்கும் வால்வு. ஏரோட்டர் என்று சொல்லப்படும் அதிவேக ஹேண்ட்பீஸ் நிமிடத்துக்கு மூன்று நான்கு லட்சம் சுற்று சுற்றுகிறது. அது நிற்கும் கணத்தில் நோயாளியின் எச்சிலையும் ரத்தத்தையும் உள்ளே இழுத்துக்கொள்ளக்கூடும். வால்வு இருந்தாலும் தேய்ந்துபோகும். அதனால்தான் ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் 20 முதல் 30 விநாடி தண்ணீரையும் காற்றையும் ஓடவிட வேண்டும் என்கிறார்கள்.

உங்கள் அம்மா விஷயத்தில் இன்னும் முக்கியமான ஒன்று உண்டு. எலும்பை வெட்டும் சிகிச்சைக்கு நாற்காலித் தண்ணீர் எந்தத் தரத்தில் இருந்தாலும் கூடாது. சிகிச்சை நடக்கும் இடத்தில் படும் நீர் முழுக்கக் கிருமியற்றதாக இருக்க வேண்டும், அந்த நீர் வரும் பாதையும் அப்படியே. ஒன்று, கிருமி நீக்கிய தனிக் குழாய் பொருத்திய அறுவைச் சிகிச்சை மோட்டார் வேண்டும். அது இல்லாத சிறிய கிளினிக்கில், மைக்ரோமோட்டர் என்ற, ஏரோட்டரைவிட மெதுவாகச் சுற்றும் கருவியின் நேர் ஹேண்ட்பீஸால் வெட்டிக்கொண்டே, உதவியாளர் கிருமியற்ற சிரிஞ்சால் சலைன் விட்டுக்கொண்டிருந்தால் போதும். இந்த எளிய முறையில் ஒரு குறையும் இல்லை, சலைன் பாட்டில் அப்போதுதான் திறந்ததாக இருந்தால். சாதாரண ஏரோட்டரை ஈறு கீறிய காயத்தில் பயன்படுத்துவதில் வேறொரு ஆபத்தும் உண்டு. அது வெளியேற்றும் காற்று சதைக்குள் புகுந்து கன்னமும் கழுத்தும் வீங்கிவிடும்.

ஹேண்ட்பீஸின் வெளிப்புறத்தை ஸ்பிரிட் வைத்துத் துடைத்தால் போதும் என்பது ஒரு காலத்தில் உலகம் முழுவதும் இருந்த வழக்கம். 1992-இல் லான்செட்டில் வந்த ஓர் ஆய்வு, உள்ளே இழுக்கப்பட்ட ரத்தமும் எச்சிலும் பின்னால் பயன்படுத்தும்போது வெளியே வரக்கூடும் என்று காட்டியது. அதன்பின் ஒவ்வொரு நோயாளிக்குப் பிறகும் நீராவியில் கிருமி நீக்க வேண்டும் என்பது விதியாகிவிட்டது. விதியை எல்லோரும் அறிவார்கள். எண்ணிக்கைதான் இடிக்கிறது. கழுவி, எண்ணெய் விட்டு, உறையில் போட்டு, ஆட்டோகிளேவில் வைத்து, காய்ந்து, ஆறி வெளியே வர ஒரு மணி நேரமாவது ஆகும். மாலை ஆறிலிருந்து ஒன்பது வரை எட்டு நோயாளிகளுக்குப் பல் குடைய வேண்டியிருக்கிறது, கிளினிக்கில் இருப்பதோ இரண்டு ஹேண்ட்பீஸ் என்றால், மூன்றாவது ஆளுக்கு என்ன செய்வார்கள்? துடைத்துத்தான் பயன்படுத்துவார்கள். எவ்வளவு நல்ல மனிதராக இருந்தாலும் கணக்கு அவரை அங்கேதான் கொண்டுபோய் நிறுத்தும். ஆறு ஏழு ஹேண்ட்பீஸ் வைத்திருக்கும் பழைய நாற்காலிக்காரரை, இரண்டே ஹேண்ட்பீஸ் வைத்திருக்கும் புது நாற்காலிக்காரரைவிட நான் அதிகம் நம்புவேன். வாங்கும்போது, ஆட்டோகிளேவின் வெப்பத்தைத் தாங்கும் என்பதற்கு அடையாளமாக ஹேண்ட்பீஸின் உடலில் 134 டிகிரி என்ற குறி பொறித்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது இல்லாத மலிவுச் சரக்கு சில தடவை வேகவைத்தாலே பேரிங் போய்விடும், பிறகு மருத்துவரே அதை ஆட்டோகிளேவில் வைக்கத் தயங்குவார்.

ஆட்டோகிளேவ் என்பதை நம் வீட்டு பிரஷர் குக்கரின் பெரிய உருவம் என்று வைத்துக்கொள்ளலாம். அழுத்தம் ஏறினால் நீராவியின் வெப்பம் 100 டிகிரியைத் தாண்டும். 121 டிகிரியில் 15 நிமிடத்துக்கு மேல், அல்லது 134 டிகிரியில் மூன்று நிமிடத்துக்கு மேல் நிறுத்தினால் எந்தக் கிருமியும், சில பாக்டீரியாக்கள் வெப்பத்தைத் தாங்க எடுக்கும் உறங்குநிலை வடிவமான வித்தும் மிஞ்சாது. ஆனால் நீராவி பொருளைத் தொட்டால்தான் இது நடக்கும். ஹேண்ட்பீஸ் போல உள்ளே துளையுள்ள கருவியில் காற்று அடைபட்டுக் கிடந்தால் நீராவி உள்ளே போகாது. ஐரோப்பியத் தரவிதிப்படி சிறிய ஆட்டோகிளேவ்களில் மூன்று வகை. ‘என்’ வகை, உறையில் போடாத திடக் கருவிகளுக்கு மட்டும். ‘பி’ வகை, முதலில் காற்றைப் பல தடவை உறிஞ்சி வெளியேற்றிவிட்டு நீராவியை விடுவது; துளையுள்ளவை, உறையிட்டவை எல்லாவற்றுக்கும் பொருந்தும். ‘எஸ்’ வகை இடைப்பட்டது, தயாரிப்பாளர் சொன்ன பொருள்களுக்கு மட்டும். பி வகை விலை கூடியது. ஒரு கிளினிக் முதலில் எதில் பணத்தைப் போட வேண்டும் என்று கேட்டால், நாற்காலியைக் கொஞ்சம் குறைந்த விலையில் வாங்கிவிட்டு இதில் போடுங்கள் என்பேன்.

கருவியை உறையில் போடுவது ஏன் முக்கியம் என்றால், உறையில்லாமல் வேகவைத்தது தட்டில் எடுத்து வைத்த உடனே மறுபடி காற்றுக்கும் கைக்கும் திறந்துவிடுகிறது. உறையை உங்கள் கண்ணெதிரே பிரித்தால் நல்ல அறிகுறி. உறையின் மேல் நிறம் மாறும் புள்ளி ஒன்று இருக்கும். அது ஆட்டோகிளேவுக்குள் போய்வந்தது என்பதற்கு மட்டுமே அடையாளம், உள்ளே கிருமி செத்தது என்பதற்குச் சான்று ஆகாது. அதற்கு வாரம் ஒருமுறை வித்துச் சோதனை செய்ய வேண்டும். வெப்பத்துக்கு எளிதில் அடங்காத ஜியோபேசில்லஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகளை உள்ளே வைத்து எடுத்து, அவை செத்தனவா என்று பார்ப்பார்கள். கழுவுவதும் இதில் பாதி வேலை. காய்ந்த ரத்தம் ஒட்டிய கருவியை எவ்வளவு வேகவைத்தாலும் ரத்தத்துக்கு அடியில் நீராவி சரியாக எட்டாது. ஒலியலைகளால் கருவிகளின் அழுக்கை நீக்கும் அல்ட்ராசோனிக் கழுவி இருக்கும் இடத்தை அதனால் மதிக்கிறேன்.

சில பொருள்கள் பார்க்க நன்றாக இருந்து ஏமாற்றுகின்றன. நீல வெளிச்சம் எரியும் புறஊதாப் பெட்டி அதில் முதலாவது. வரவேற்பறையிலிருந்தே தெரியும்படி வைத்திருப்பார்கள். அந்தக் கதிர் படும் மேற்பரப்பில் மட்டும்தான் வேலை செய்யும், நிழல் விழும் இடத்திலும் கருவியின் மூட்டுகளிலும் ஒன்றும் செய்யாது. கிருமி நீக்கிய கருவியை எடுத்து வைக்கும் அலமாரியாக மட்டும் வைத்துக்கொள்ளலாம். சுடவைத்த கண்ணாடி மணிகளுக்குள் ரூட் கெனால் ஊசியின் நுனியைச் செருகி எடுக்கும் சிறு பெட்டியும் அப்படித்தான். செருகிய நுனிக்கு மேலே இருப்பது அப்படியே இருக்கும். கொதிக்கும் தண்ணீரில் போட்டு எடுப்பதும் வித்துகளைக் கொல்லாது. குளூட்டரால்டிஹைடு கரைசலில் ஊறவைப்பதானால், முழுக் கிருமி நீக்கத்துக்கு சுமார் 10 மணி நேரம் வேண்டும். இரண்டு நோயாளிகளுக்கு நடுவே பத்து நிமிடம் முக்கி எடுப்பதால் பயன் மிகக் குறைவு. பள்ளிகளிலும் திருமண மண்டபங்களிலும் நடக்கும் இலவசப் பல் முகாம்களில் இந்த முக்கி எடுக்கும் வேலைதான் எனக்கு மிகவும் கவலை தருகிறது. முகாமில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் கண்ணாடியை வைத்துப் பார்த்துச் சொல்வதோடு நிறுத்திக்கொண்டு, பல் பிடுங்குவதைக் கிளினிக்குக்கு வைத்துக்கொள்வதே சரி.

ரூட் கெனால் செய்யும் நுண்ணிய ஃபைல் ஊசிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். திருகு வடிவில் இருப்பதால் அதன் பள்ளங்களில் ஒட்டிய சதையை முழுசாக எடுப்பது கடினம். பிரிட்டனில் 2007-லிருந்து ஓர் ஆளுக்கு மட்டும்தான் பயன்படுத்த வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மூளையைச் சிதைக்கும் நோய்களைத் தரும், சாதாரண வெப்பத்துக்கு அடங்காத பிரையான் என்ற புரதங்களைப் பற்றிய அச்சம்தான் காரணம். இங்கே கழுவி, வேகவைத்து மறுபடி பயன்படுத்துகிறவர்கள் அதிகம். அம்மாவுக்குப் புது ஃபைல் போடச் சொல்லி, அதற்கான தொகையைத் தருவதாகச் சொல்லுங்கள். பழைய ஃபைல் பல்லுக்குள் முறிந்துவிடும் ஆபத்தும் குறையும். பல்லைச் சுற்றி ரப்பர் டேம் என்ற மெல்லிய விரிப்பு கட்டிச் செய்கிறாரா என்று பாருங்கள். எச்சில் பல்லுக்குள் போகாது, தெறிக்கும் துளிகளும் வெகுவாகக் குறையும்.

எச்சிலை உறிஞ்சும் சக்‌ஷன் குழாயின் நுனி ஒவ்வொருவருக்கும் புதிதாக இருக்க வேண்டும். அதை வாய்க்குள் வைத்திருக்கும்போது உதட்டை மூடி உறிஞ்ச வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லி வையுங்கள். அப்படி மூடினால் அழுத்தம் மாறி, குழாயில் கிடக்கும் முந்தைய ஆளின் எச்சில் திரும்பி வாய்க்கு வரக்கூடும். டிஜிட்டல் எக்ஸ்ரே சென்சாரை வேகவைக்க முடியாது என்பதால் அதன்மேல் புது உறை மாட்டி, எடுத்த பிறகு துடைக்க வேண்டும். விளக்கின் கைப்பிடி, நாற்காலியின் பொத்தான்கள் இவற்றுக்கு பிளாஸ்டிக் தாள் சுற்றியிருந்தால் நல்லது. இவையெல்லாம் இரண்டாம் நிலைதான். காயத்துக்குள் போவதற்கும் தோலில் படுவதற்கும் வித்தியாசம் உண்டு.

நம் ஊரில் டாக்டரிடம் கேள்வி கேட்டால் மரியாதைக் குறைவு என்று நினைக்கிறோம். தயவுசெய்து அந்தத் தயக்கத்தை விடுங்கள். சிகிச்சை நாளுக்கு முன்னாலேயே ஒருநாள் போய், “டாக்டர், அம்மாவுக்குச் சக்கரை இருக்கு, அதான் கேட்கிறேன், சலைன் பாட்டில் புதுசா திறப்பீங்களா? ஊசி மருந்து கார்ட்ரிட்ஜ்ல போட முடியுமா? ஹேண்ட்பீஸ் ஒவ்வொருத்தருக்கும் ஆட்டோகிளேவ் பண்ணுவீங்களா?” என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபப்பட மாட்டார். எனக்குத் தெரிந்த பலர் உள்ளே கூட்டிப்போய் ஆட்டோகிளேவையும் சோதனைப் பதிவேட்டையும் காட்டுவார்கள். பதில் மழுப்பலாக வந்தால், ஏசி எவ்வளவு ஜில்லென்று இருந்தாலும் வேறு இடம் பாருங்கள். அந்தச் சின்னக் கிளினிக்கில் இதற்கெல்லாம் தெளிவான பதில் கிடைத்தால் அங்கேயே செய்துகொள்ளலாம். முடிந்தால் காலையில் முதல் ஆளாக நேரம் வாங்குங்கள். கருவிகள் எல்லாம் தயாராக இருக்கும், அவசரமும் இருக்காது.

பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடுவது மட்டும் வேண்டாம். இத்தகைய தொற்றுகள் அரிதானவை. உடைந்த வேரில் சீழ் கட்டி, அது கழுத்துக்கு இறங்கி மூச்சை அடைக்கும் நிலைக்குப் போவது சர்க்கரை நோயாளிகளுக்கு நிஜமான ஆபத்து. சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவந்துவிட்டு நாள் குறியுங்கள். மெலியாய்டோசிஸ் வருவதற்கான முதன்மைக் காரணிகளில் ஒன்றும் கட்டுக்கடங்காத சர்க்கரைதான்.

சிகிச்சை முடிந்த பிறகு மூன்று வாரத்துக்குள் காய்ச்சல், கடுமையான தலைவலி, பேச்சுக் குழறல், பார்வை மங்கல், முகம் ஒருபக்கம் இழுத்துக்கொள்வது இவற்றில் எது வந்தாலும் பெரிய மருத்துவமனைக்குப் போங்கள். பல் சிகிச்சை எடுத்த தேதியைக் கேட்காமலேயே சொல்லுங்கள். ரத்தத்தையோ சீழையோ எடுத்து வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் சோதனைக்கு அனுப்பச் சொல்லுங்கள், மெலியாய்டோசிஸ் சந்தேகம் இருப்பதை ஆய்வுக்கூடத்துக்கும் தெரிவிக்கச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அந்தப் பாக்டீரியாவை வேறு சாதாரணக் கிருமி என்று ஒதுக்கிவிடுவது நடப்பதுண்டு. வழக்கமாகக் கொடுக்கும் பல ஆன்டிபயாட்டிக்குகள் அதற்கு வேலை செய்யாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் ஊசியைச் சீக்கிரம் தொடங்க வேண்டும், பிறகு மாதக்கணக்கில் மாத்திரை தொடர வேண்டும்.